வெறுமையாய் வைப்பதில்லை

சஜீதாவின் வலக்கை விரல்கள் இரண்டைக் கார்க் கதவுக்குள் வைத்து அடித்துச் சாத்தியவன் யாரோ எவனோ இல்லை. அவளுடைய தாய் பரமேஸ்வரியின் கூடப்பிறந்த அண்ணன் கனகரத்தினத்தின் ஒரே மகன் நிருசன். சஜீதாவுக்கு முறை மச்சான், தாலி கட்டிய புருசன். அண்ணன் பாரிசவாதத்தில் விழுந்து கிடந்தபோது தங்கச்சியின் கையைப் பிடித்து, கோணிய வாயால் சம்பந்தம் கேட்டார். எந்தத் தங்கச்சி மாட்டேன் என்பாள்? பரமேஸ்வரிதான் முன்னின்று தாங்கள் இருக்கிற பீல் நகரத்தில் மண்டபம் எடுத்து, சமையலுக்கு ஆள் பிடித்து, பிள்ளையை அண்ணன் வீடு இருக்கிற லாங்கன்தாலுக்கு அனுப்பி வைத்தாள். சொந்தத்துக்குள் கொடுத்தால் பிள்ளை பத்திரமாய் இருக்கும் என்று சலவைக்கூடத்தில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்ததும் அவள்தான். அந்தப் பத்திரத்தின் இலட்சணம் இரண்டே வருசத்தில் தெரிந்துவிட்டது.

சஜீதாவுக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் வைக்கிற வேலை. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மயிர் மொத்தம் உள்ள முள்ளைச் சாவணத்தால் எடுத்து, மூச்சைப் பிடித்து, மணிக்கூட்டு முகத்தின் நடுவில் இருத்த வேண்டும். இரண்டு விரல்தானே, பொருந்திவிடும் என்று வைத்தியர் சொன்னார். பொருந்தத்தான் செய்தது, கோணலாகப் பொருந்தியது. சாவணம் பிடித்தால் நுனி நடுங்கியது. மேற்பார்வைக்காரி நல்ல மனுசி, வேலையை விட்டு நிற்பாட்டாமல் கீழே பொதி கட்டுகிற பகுதிக்கு மாற்றினாள். சஜீதா பெட்டிக்குள் மணிக்கூட்டுப் பட்டி வைத்து மூடுகிற அந்த வேலையோடு, தகப்பன் தாயின் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

வந்த பெண்ணை அவன் விட்டானா? ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் மணி அடித்தது. தம்பித்துரை மகளுக்குச் சோறு போட்ட அகப்பையோடு போய்க் கதவைத் திறந்தார். நிருசன் ஒரு வார்த்தை பேசவில்லை. மோட்டார்சைக்கிள் தலைக்கவசத்தைச் சுழற்றி மாமனாரின் வாயில் அடித்தான். மனிதன் வாசலில் கழட்டி வைத்திருந்த சப்பாத்துகளுக்கு மேல் மல்லாக்க விழுந்தார். விழுந்தவரின் விலாவில் உதைத்தான். பரமேஸ்வரி ஓடிவந்து அவன் காலைக் கட்டிப் பிடித்தாள், அவளையும் இழுத்துக்கொண்டே உள்ளே நடந்து, சஜீதாவின் தலைமயிரைக் கையில் சுற்றிப் படிக்கட்டுவரை கொண்டு போய்விட்டான். எதிர்வீட்டுத் திரேசா பொலிசுக்கு டெலிபோன் அடித்திருக்காவிட்டால் அன்றைக்கே காரில் ஏற்றியிருப்பான். தம்பித்துரையின் முன்பல் இரண்டையும் பரமேஸ்வரி சப்பாத்துக்குள்ளிருந்துதான் பொறுக்கி எடுத்தாள்.

பொலிஸ் கொண்டு போனது, அடுத்த நாள் விட்டது. கிட்ட வரக்கூடாது என்று கட்டளையும் கொடுத்தது. அவன் கிட்ட வரவில்லை. தொழிற்சாலைக்கு எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பில் நின்று, சஜீதா வெளியே வருகிறபோது விரலால் தன் கழுத்தைக் கீறிக் காட்டுவான். அவ்வளவுதான். வாயே திறக்காத மனிதன்மேல் என்ன குற்றம் சாட்டுவது?

தம்பித்துரை முதியோர் இல்லத்தில் சமையல் செய்கிறவர். இருநூறு கிழடுகளுக்குப் பல்லில்லாமல் தின்னக்கூடிய சாப்பாடு ஆக்குவதில் கைதேர்ந்தவர், இப்போது அதைத் தனக்கே ஆக்கிக்கொள்ள வேண்டி வந்தது. ஒரு இரவு பாலில் ஊறிய பிட்டைக் கரண்டியால் அளைந்துகொண்டு சொன்னார்:

"துவக்கு ஒண்டு எடுப்பம்."

"ஆருக்கு?" என்று பரமேஸ்வரி கேட்டாள்.

"வீட்டுக்கு. இனி வந்தானெண்டால் கதவிலயே வைச்சுச் சுடுறது."

"ஆர் சுடுறது? நீங்களோ? கோழி உரிக்கவே மற்றவையைக் கூப்பிடுற ஆள்."

"நான் சுடேலாது. விசாரிச்சனான். எங்கட கடவுச்சீட்டுக்காரர் இந்த நாட்டில துவக்கைத் தொடவும் ஏலாதாம். சிலோன் ஆக்களுக்குத் தடை. என்னட்டையும் உன்னட்டையும் அந்தக் கடவுச்சீட்டுத்தானே கிடக்கு. பிள்ளையிட்டை இருக்கிறது இந்த நாட்டுச் சிவப்பு."

இரண்டு பேரும் சஜீதாவைப் பார்த்தார்கள். அவள் தலை நிமிராமல் பிட்டைப் பிசைந்தாள்.

"அவன் ஆர் தெரியுமோ?" என்றாள் பரமேஸ்வரி. "என்ர அண்ணன்ர பிள்ளை. அண்ணி வேலைக்குப் போகேக்கை ஆறு வயசில இருந்து இஞ்சை என்னட்டை வளந்தவன். அவனுக்கோ துவக்கு?"

"அப்ப நீங்கள் அவனோடையே இருங்கோவன் அம்மா," என்றாள் சஜீதா. "நான் துவக்கோட இருக்கிறன்."

பரமேஸ்வரி எழும்பிப் போய்க் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கினாள்.

துவக்குக் கடை பழைய நகரத்துப் பக்கம். கடைக்காரர் ஸ்பிண்டன் அகன்ற தோளும் வெள்ளை மீசையுமாய், மூக்குக்கண்ணாடி விற்கிறவர் மாதிரி அமைதியான ஆள். முதலில் சஜீதாவின் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். விரலுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கார்க் கதவு என்றாள். யார் சாத்தியது என்று அவர் கேட்கவில்லை, கேட்காமலே விளங்கிக்கொண்டார் போல.

"சின்னதா ஒண்டு காட்டச் சொல்லு பிள்ளை," என்றார் தம்பித்துரை. "பொம்பிளைப் பிள்ளையின்ர கைக்கு அடங்கிறதா, கனம் இல்லாததா."

ஸ்பிண்டன் மறுக்கவில்லை. உள்ளங்கைக்குள் மறையக்கூடிய ஒரு ரிவோல்வரைக் கொண்டுவந்தார். கடைக்குக் கீழே சுட்டுப் பார்க்கிற நிலவறை. தாய் தகப்பனுக்குக் காதுக்கு மூடி கொடுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பாட்டினார், சுடுகிற கோட்டைத் தாண்டி அவர்கள் வரக்கூடாது. சஜீதா ஒரே ஒரு வெடி வைத்தாள். கை தலைக்கு மேலே போனது. முறிந்து பொருந்திய இடத்தில் நோ ஏறி, கண்ணால் தண்ணீர் வடியத் திரும்பி வந்தாள்.

"சின்னதுதான் கூட உதைக்குமாம் அப்பா. உதையைத் தாங்க அதுக்கு உடம்பில்லை, முழுக்க எங்கட கைக்குத்தான் வருமாம். புது ஆக்கள் எல்லாரும் வந்து கேக்கிறது இதைத்தானாம். ஒரு வெடியோட பயந்துபோய்ப் பேந்து பழகவே மாட்டினமாம்."

தம்பித்துரைக்கு முகம் தொங்கிப் போனது. அடுத்தது பிஸ்டல், குண்டுக்கு நெல்மணி போலச் சின்னச் சன்னம் போடுகிறது. உதையே இல்லை. ஆனால் சன்னம் ஏற்றுகிற ஒவ்வொரு தடவையும் மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும், அந்த இரண்டு விரலும் இழுக்க மாட்டோம் என்றன. இடதுகையால் இழுத்துப் பார்த்தாள், பாதியில் வழுக்கியது. பதறுகிற நேரத்தில் இது சிக்கினால் சிக்கெடுக்கப் பழகின கை வேண்டும் என்று ஸ்பிண்டன் அதையும் எடுத்து வைத்துவிட்டார்.

மூன்றாவதாக அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்தது ஒரு பழைய உருக்கு ரிவோல்வர். தோசைக்கல் கனம் இருக்கும். நீளக் குழல், அகன்ற மரப் பிடி. உருளையைத் திறந்தால் ஆறு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு சன்னம். இழுக்கிறது, கழட்டுகிறது, சிக்கெடுக்கிறது ஒன்றும் இல்லை. விசையை அமத்தினால் வெடிக்கும், வெடிக்காவிட்டால் திரும்ப அமத்தினால் அடுத்தது வரும். அதற்கென்று கடதாசிக்குறி சுடுகிற கிழவர்கள் வாங்குகிற மென்மையான சன்னமாய்ப் பார்த்துக் கொடுத்தார். மருந்து குறைவு. தலை தட்டை, ஓட்டைக்குள் போட்டால் வெளியே தெரியாமல் ஆழத்தில் இருந்துகொள்ளும்.

சஜீதா இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கூட்டு மேசையில் பிடிக்கிற அதே மாதிரி மூச்சைப் பிடித்தாள். யாரோ தோளில் மெல்லத் தள்ளியது போல உடம்பு அசைந்தது, கை எழும்பவில்லை. ஆறு வெடியும் சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குள் விழுந்தன. திரும்பியபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பரமேஸ்வரி கண்ட சிரிப்பு.

மேலே வந்து துவக்கு மேசையில் கிடந்தபோது பரமேஸ்வரி கனம் பார்க்கக் கையை நீட்டினாள். ஸ்பிண்டன் மரியாதையாகவே அதை அப்பால் நகர்த்திவிட்டு ஏதோ சொன்னார்.

"நீங்கள் தொடக்கூடாதாம் அம்மா."

"சும்மா பார்க்கிறதுக்கும் ஏலாதோ?"

"ஏலாதாம். அது உங்கட கையில இருக்கேக்கை பிடிபட்டா இந்த நாட்டில நீங்கள் இருக்கிற அனுமதிக்கே ஆபத்து வருமாம். வீட்டில இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி, திறப்பை நான் மட்டும் வைச்சிருக்கோணுமாம். வெளியில காவிக்கொண்டு போகவும் கூடாதாம்."

"அவன் நிக்கிறது பஸ் தரிப்பிலயெல்லோ," என்றார் தம்பித்துரை.

"வீட்டுக்கு வருவான் அப்பா," என்றாள் சஜீதா.

பொலிசின் அனுமதி வந்து, துவக்கு வீட்டுக்கு வந்தபோது புரட்டாதி பிறந்துவிட்டது. ஏரியிலிருந்து எழும்புகிற பனிப்புகார் காலையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். பரமேஸ்வரி இருட்டோடு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போவாள். கட்டில் சீலைகளைச் சூட்டு உருளைக்குள் கொடுக்கிற பக்கம் அவள், சூடாய் வெளியே வருகிறதைப் பிடித்து மடிக்கிறது ஒரு போர்த்துக்கல்காரி. பதினெட்டு வருசம் அதே ஆவி, அதே சத்தம். அந்த மாதம் முழுக்க அவள் சீலையைக் கொடுக்க மறந்து உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகளின் அலுமாரிக்குள் இருக்கிற இரும்புப் பெட்டி வீட்டுக்குள் வந்த அந்நியன் மாதிரி அவளை உறுத்தியது. சஜீதாவோ நேரெதிர். புதன்கிழமைகளில் ஸ்பிண்டனின் நிலவறைக்குப் போய்ச் சுட்டுவிட்டு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். நன்றாக நித்திரை கொண்டாள். பிள்ளை நித்திரை கொள்கிறாளே என்ற நன்றி ஒரு பக்கம், அது எதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொள்கிற நித்திரை என்ற பயம் இன்னொரு பக்கம்.

நவராத்திரி வந்தது. பரமேஸ்வரி வீட்டுக்குள் சோபா கிடக்கிற சாலையின் மூலையில் கும்பம் வைத்தாள். எட்டாம் நாள் பின்னேரம் வீட்டு ஆயுதங்கள் எல்லாம் சாமித்தட்டுக்கு வர வேண்டும். தம்பித்துரையின் சமையல் கத்திகள் வந்தன. கார்த் திறப்பு வந்தது. சஜீதாவின் சாவணமும் பூதக்கண்ணாடியும் வந்தன. வைத்தால் வைத்ததுதான், விசயதசமி விடிந்து பூசை முடியுமட்டும் அதில் ஒன்றையும் எடுக்கக்கூடாது. தம்பித்துரை அந்த இரண்டு நாளும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார், முதியோர் இல்லத்துக் கத்தியால்தான் வெட்டுவார்.

"அதையும் கொண்டு வா பிள்ளை," என்றாள் பரமேஸ்வரி.

"எதை?"

"உன்ர பெட்டிக்குள்ள கிடக்கிறதை."

"அம்மா, அது ஆளைக் கொல்லுற சாமான்."

"அப்பான்ர கத்தியும் கொல்லும். அது வருசா வருசம் வருகுது. எங்களைக் காப்பாத்த வந்த ஆயுதமெண்டு நீதானே சொன்னனி. ஆயுதத்துக்குப் பூசை இல்லாமல் வீட்டில வைச்சிருந்தா அது தன்ர பாட்டுக்குப் பசி எடுக்கும். எனக்குப் பயமாக் கிடக்கு."

"பெட்டியை விட்டு எடுக்கக்கூடாதெண்டு அந்த மனுசன் சொன்னது."

"அவருக்குச் சரசுவதியைத் தெரியுமோ? வீட்டுக்குள்ளதானே, நான் வேற எங்கையும் கொண்டு போகச் சொல்லேல்லை. இஞ்சை பார், இந்த ரெண்டு நாளும் நான் வீட்டில. உன்னட்டை வேற ஒண்டும் கேக்கேல்லை."

சஜீதா எழும்பினாள். பிறகு போய்ப் பெட்டியைத் திறந்தாள். கட்டிலில் துவாய் விரித்து, உருளையைத் திறந்து, ஆறு சன்னத்தையும் ஒவ்வொன்றாய்க் கழட்டிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். வெறும் துவக்கைக் கொண்டுவந்து கத்திகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திறப்பு அவளுடைய ஜீன்ஸ் பைக்குள், ஜீன்ஸ் கட்டிலில்.

பரமேஸ்வரி எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தாள். துவக்கின் மரப் பிடிக்கும் குழல் நுனிக்கும் வைத்தாள். கை தொட்டாயிற்று, இனி என்ன சட்டம்? ஆனால் மனம் ஆறவில்லை. அவளுடைய கையால் சாமிக்கு முன்னால் இதுவரை எதுவும் வெறுமையாய்ப் போனதில்லை. செம்பென்றால் தண்ணீர் நிறைத்திருக்கும். அரிசிப் பேணி முட்ட முட்ட இருக்கும். காசுப்பையை வைத்தாலும் ஒரு பிராங்காவது உள்ளே போட்டுத்தான் வைப்பாள். வெறுமையாய் வைத்தால் வருசம் முழுக்க வெறுமை என்று அவளுக்குள் ஊறிப்போன நம்பிக்கை. ஆறு ஓட்டையும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற ஒரு சாமானையா பிள்ளையின் காவலுக்கு வைப்பது?

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பரமேஸ்வரி போய்த் திறப்பை எடுத்தாள், பெட்டியைத் திறந்தாள். நிலவறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தது கண்ணில் அப்படியே இருந்தது. ஓட்டைக்கு ஒன்றாய் ஆறையும் போட்டு, உருளையைத் தள்ளி மூடினாள். பூட்டினாள், திறப்பை இருந்த இடத்திலேயே வைத்தாள். விசயதசமி விடிய, சஜீதா எழும்ப முதல் கழட்டிவிட்டால் போச்சு.

அதோடு நின்றாளா? வருசா வருசம் தட்டைப் படம் பிடித்து லாங்கன்தாலுக்கு அண்ணிக்கு அனுப்புவது வழக்கம். இந்த வருசம் அந்த வீட்டோடு பேச்சில்லை. ஆனாலும் கைபேசியை எடுத்தாள், துவக்கு வடிவாய் விழுகிற மாதிரி செவ்வரத்தம் பூவைக் கொஞ்சம் ஒதுக்கிப் படமெடுத்து அனுப்பினாள். வாயால் சொல்ல முடியாததைப் படமாவது சொல்லட்டும். தாய் மகனுக்குக் காட்டட்டும், அவன் கண்டு அடங்கட்டும். ஒரு வெடியும் வைக்காமல் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் கடலை ஊறப்போட்டாள்.

அடுத்த நாள் காலை தம்பித்துரை பஸ்ஸேறி வேலைக்குப் போய்விட்டார். சஜீதா குசினியில் அவலுக்குத் தேங்காய்ப்பூத் துருவிக்கொண்டிருந்தாள். பத்து மணிபோல மணி அடித்தது. கண்ணாடித் துளைக்குள்ளால் பரமேஸ்வரி பார்த்தாள், எதிர்வீட்டுத் திரேசா. கிறிஸ்தவ வேதக்காரி என்றாலும் கடலைக்கும் அவலுக்கும் வருசம் தவறாமல் ஏனத்தோடு வருகிறவள்.

"பரமேசக்கா, கடலை அவிஞ்சிட்டுதோ? இவர் விடிஞ்சதில இருந்து கேட்டுக்கொண்டு."

பரமேஸ்வரி சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். மேல்மாடிப் படி வளைவில் ஒட்டி நின்றவன் இறங்கி வந்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. திரேசாவின் கழுத்துச் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு எறிந்தான், அவள் படிக் கைப்பிடியில் முதுகு அடிபட்டு விழுந்தாள். பரமேஸ்வரியை உள்ளே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டைத் திருப்பினான். நேரே சாமித்தட்டுக்கு நடந்தான். சந்தனமும் பூவுமாய்க் கிடந்த துவக்கைத் தூக்கினான். குத்துவிளக்கு சரிந்து எண்ணெய் நிலத்தில் ஓடியது.

"படம் வடிவா இருந்தது மாமி," என்றான். "அம்மாவுக்கு அனுப்பினியள். எனக்குக் காட்டத்தானே அனுப்பினது? இந்தா, வந்து பார்த்திட்டன். நாளைக்குப் பூசை முடியுமட்டும் எடுக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். உங்கட வீட்டில வளந்தவனல்லோ நான்."

கும்பத்தைக் காலால் உதைத்தான். செம்பு உருண்டு தண்ணீர் கொட்டியது. சஜீதா தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு குசினி வாசலில் வந்து நின்றாள். குழல் அவள் பக்கம் திரும்பியது.

"வெளிக்கிடு. கார் கீழ நிக்குது."

"வரேல்லை."

"என்னைச் சுடவோ இதைப் பழகினனி? புதனுக்குப் புதன் போய்ப் பழகினனியாம். ஊரெல்லாம் சிரிக்குது. வா எண்டு சொல்லுறன்."

பரமேஸ்வரி இடையில் பாய்ந்தாள். "என்னைச் சுடடா," என்றாள். "அவளை விடு ராசா, என்னைச் சுட்டிட்டுப் போ." அந்த உருளைக்குள் ஆறும் இருக்கிறது என்று அந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினாள். அவன் உதறி விடுவித்து, பிடியால் அவளுடைய நெற்றியில் அடித்தான். தோசைக்கல் கனத்து உருக்கு. புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் சுவரோடு சரிந்து இருந்துவிட்டாள்.

"நிரு," என்றாள் சஜீதா. குரலில் ஒரு துளி நடுக்கம் இல்லை. "அதுக்குள்ள ஒண்டும் இல்லை. நான் கழட்டித்தான் வைச்சனான். இரும்புத்துண்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்."

அவன் சிரித்தான். "தெரியும். கழட்டாமல் வைப்பியே நீ? விதிகாரி. ரோட்டில ஒரு ஈ காக்கா இல்லாட்டிலும் பச்சை விளக்குக்கு நிக்கிற ஆள்." சிரித்துக்கொண்டே கிட்டப் போய், துவக்கில்லாத கையால் அவளுடைய வலக்கையைப் பிடித்தான். கோணல் விரல் இரண்டையும் தேடிப் பிடித்துப் பின்னுக்கு மடித்தான். சஜீதா முழங்காலில் விழுந்தாள். அவளிடமிருந்து வந்த சத்தம் பரமேஸ்வரி அவளைப் பெற்ற நாளிலிருந்து கேட்டறியாத சத்தம். பரமேஸ்வரி எழும்பப் பார்த்தாள், கால் எண்ணெயில் வழுக்கித் திரும்ப விழுந்தாள். வெளியே திரேசா கதவில் அடித்துக் கத்திக்கொண்டிருந்தாள், பொலிஸ் வருகுது, பொலிஸ் வருகுது என்று.

அந்தச் சொல்லில் அவன் கையை விட்டான். இரண்டடி பின்னுக்குப் போய்ச் சோபாவில் இருந்தான். இருந்தவன் அழத் தொடங்கினான். இப்படியான ஆண்களுக்கு இதுவும் ஒரு கைவேலை. லாங்கன்தால் வீட்டில் சஜீதா இதை எத்தனையோ தரம் பார்த்தவள். ஒருநாள் குளிசைப் போத்தலை வாயில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒருநாள் பல்கனிக் கம்பிக்கு அந்தப் பக்கம் காலைப் போட்டான். ஒவ்வொரு முறையும் அவள் காலில் விழுந்து மன்றாடுவாள், அவன் இறங்கி வருவான். தான் அழுததைப் பார்த்துவிட்டாள் என்பதற்காகவே இரவில் அடி விழும்.

"என்னை வாழவும் விடுறியள் இல்லை," என்றான். துவக்கைத் தூக்கித் தன்னுடைய கன்னப்பொறியில் வைத்தான். நெற்றிப்பக்கம் சந்தனம் ஒட்டியது. "நீ வராட்டி இதிலயே சாவன்."

சஜீதா நிலத்தில் இருந்தபடி, கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். முதல் தடவையாக அவளுக்கு அந்த நாடகம் பகிடியாய்த் தெரிந்தது.

"செத்துக் காட்டன் பாப்பம்," என்றாள்.

"சுடுவன்."

"சுடு. நல்லாச் சுடு. வெறும் துவக்கால செத்த முதல் ஆள் நீயா இருப்பாய்."

அவன் பரமேஸ்வரியின் பக்கம் திரும்பினான். கண்ணீர் வடிய, ஆறு வயதில் பனிப்புகாருக்குள் அவளுடைய கைவிரலைப் பிடித்துக்கொண்டு பாலர் வகுப்புக்குப் போனவனின் அதே முகம். "மாமி, இவளின்ர வாயைப் பாத்தியளே? நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

ஒரு சொல்லு போதும். நிறைஞ்சிருக்கு என்று சொன்னால் போதும். அவன் பயந்து அதைக் கீழே எறிந்துவிட்டு மாமியின் மடியில் விழுந்து அழுவான், அந்தப் பிள்ளையை அவளுக்குத் தெரியும். அல்லது கையை இறக்கி, உருளையை ஒருமுறை பார்த்து, குழலை மெல்ல மகள் பக்கம் திருப்புவான், அந்த ஆளையும் அவளுக்குத் தெரியும். இரண்டில் எது என்று சாமிக்குத்தான் வெளிச்சம். மகளின் நெஞ்சில் கிடந்த அந்த இரண்டு விரலும் நீலம் பாரித்து வீங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தாள். பதட்டத்தில் மறந்துபோனாள் என்றோ, அடிபட்ட மயக்கத்தில் வாய் வரவில்லை என்றோ யாரும் அவளுக்காகச் சாட்டுச் சொல்ல வேண்டாம். அவளுக்கு எல்லாம் தெளிவாய் இருந்தது. பரமேஸ்வரி வாயை மூடிக்கொண்டாள்.

அவன் சஜீதாவைப் பார்த்து ஒருமாதிரிச் சிரித்துக்கொண்டு விசையை அமத்தினான்.

நிலவறையில் காதுக்கு மூடி இருந்தது. இந்தச் சாலையில் இல்லை. யன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்து நின்றது. நிருசன் சோபாவின் கைப்பிடிமேல் பக்கவாட்டில் சாய்ந்தான். அவனுடைய கையிலிருந்து துவக்கு கம்பளத்தில் விழுந்தது. இரத்தம் சோபாவின் ஓரத்தால் வழிந்து எண்ணெயோடும் கும்பத் தண்ணீரோடும் சேர்ந்தது. கதவுக்கு வெளியே திரேசாவின் சத்தமும் நின்றுவிட்டது.

சஜீதா அசையவில்லை. பிறகு, காது கேட்காதவர்கள் கதைக்கிற மாதிரி உரத்துச் சொன்னாள்:

"நான் கழட்டினனான்."

பரமேஸ்வரி தவழ்ந்து மகளிடம் போனாள்.

"துவாயில வைச்சுக் கழட்டினனான் அம்மா. ஆறு இருந்தது. ஆறையும் பெட்டிக்குள்ள போட்டனான். ஒண்டை விட்டிட்டனோ? நானெல்லோ சுடு எண்டு சொன்னனான். சுடு சுடு எண்டு சிரிச்சனான். ஒண்டை விட்டிட்டன் போல." வீங்கிய விரலாலேயே எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தில் நின்றுவிட்டுத் திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். தெருவில் பொலிஸ் காரின் ஊளை கேட்டது.

இந்தப் பிள்ளை சாகுமட்டும் எண்ணிக்கொண்டே இருப்பாள் என்று பரமேஸ்வரிக்கு விளங்கியது. அதைத் தாங்க அவளால் முடியவில்லை.

"நீ விடேல்லை பிள்ளை. நீ ஆறையும் கழட்டினனிதான். நான் திருப்பிப் போட்டனான்."

"எப்ப?"

"நேற்று, நீ குளிக்கேக்கை. சாமிக்கு முன்னால வெறுமையா வைக்கக்கூடாதெண்டு போட்டனான். நாளைக்கு விடிய எடுக்கத்தான் இருந்தனான்."

சஜீதா எண்ணுவதை நிறுத்தினாள். தாயின் முகத்தை, நெற்றிக் காயத்தை, கண்ணில் உறைந்த இரத்தத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்ப அவன் தலையில வைக்கேக்கை உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"மாமி, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ எண்டு கேட்டவன்."

"ஓம் பிள்ளை."

படியில் சப்பாத்துச் சத்தம் ஏறி வந்தது. கதவை இடித்தார்கள். சஜீதா சுவரைப் பிடித்து எழும்பிப் போய் இடக்கையால் பூட்டைத் திருப்பினாள். உள்ளே வந்த பொலிஸ்காரர்களில் ஒருத்தி பெண், சஜீதாவின் வயதுதான் இருக்கும். சோபாவைப் பார்த்தாள், கம்பளத்தில் கிடந்த துவக்கைப் பார்த்தாள், யாருடையது என்று கேட்டாள்.

"என்னுடையது," என்றாள் சஜீதா. அந்த ஊர் டொச்சுப் பாஷையில், நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னாள். "நேற்று நான்தான் அதை வெளியே எடுத்து வைத்தேன். சன்னத்தைக் கழட்ட மறந்துபோனேன். வேறு யாரும் தொடவில்லை."

பதினெட்டு வருசம் இவர்களுடைய சீலை தோய்த்தவளுக்கு அந்த ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பொலிஸ்காரி பரமேஸ்வரிக்கு முன்னால் குந்தி இருந்து, காயத்தில் துணியை வைத்து அமத்திப் பிடித்தாள். பிறகு, விளங்க வேண்டும் என்று இலேசான சொற்களாய்ப் பொறுக்கி, நீங்கள் துவக்கைத் தொட்டீர்களா அம்மா என்று கேட்டாள். அவளுடைய தோளுக்கு மேலால் சஜீதா தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பரமேஸ்வரி மகளைப் பார்த்தாள். இன்னொரு தரமும் வாயை மூடிக்கொண்டாள்.